கடல் அறிவிப்பு மென்பொருளும் ‘அஞ்சு வருசம்’ தகராறும்: ஒரு நிகழ்வு ஆய்வு

குமரி மாவட்டக் கடற்கரைக்காகத் தன்னார்வலர்கள் சிலர் எழுதிய ஒரு மென்பொருளுக்கு எந்த உரிமம் (பிறர் அதை வைத்து என்னென்ன செய்யலாம் என்று எழுதித் தரும் அனுமதி) போடுவது என்ற பேச்சில், நிரல் எழுதியவர்களும் ஒரு வக்கீலும் முறைத்துக்கொண்டார்கள். பல மாதங்கள் பேச்சே இல்லை. கடைசியில் அதே வக்கீலும் அதே ஆட்களும் உட்கார்ந்துதான் விஷயத்தை முடித்தார்கள். நான் நிரல் எழுதுகிறவனும் இல்லை, வக்கீலும் இல்லை. கூட்டங்களில் குறிப்பெடுத்தேன். இரண்டு தரப்பும் சம்மதித்ததால் நடந்ததை எழுதுகிறேன். ஆட்கள், அந்த மீனவ ஊர், நிறுவனம் எதன் பெயரையும் சொல்லவில்லை. யாரும் பயன்படுத்தி, திருத்தி, பகிரக்கூடிய கட்டற்ற மென்பொருளில் இறங்கும் எந்தக் குழுவுக்கும் ஒருநாள் வக்கீல் தேவைப்படுவார். அன்றைக்கு நம்மவர்கள் இதே இடத்தில் இடறக் கூடாது என்று மனதார விரும்புகிறேன்.

மென்பொருள்

ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற மத்திய அரசின் கடல் தகவல் மையம் அலை உயரம், காற்று வேகம், கல்லக்கடல் (திடீரென எழும் பேரலை) எச்சரிக்கை ஆகியவற்றை வெளியிடுகிறது. இந்த மென்பொருள் அதை எடுத்துத் தமிழ் வாக்கியமாக்கி, ஒலிக்கோப்பாக மாற்றித் தரும். கடற்கரை ஊர்களில் அறிவிப்பு என்றால் பங்குக் கோயில் மைக்தான். அதில் போடலாம், போனிலும் அனுப்பலாம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது ஆழ்கடலில் இருந்தவர்களுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. அதில் ஆட்களைப் பறிகொடுத்த ஊர்கள் இவை. எச்சரிக்கை வந்தாலும் கடலுக்குப் போகிறவரின் பேச்சில் வருவதில்லை என்பதுதான் இந்தக் குழுவைக் கூட்டிய குறை.

எழுதியவர்களில் ஒருவர் பாலிடெக்னிக் ஆசிரியர். இன்னொருவர் மார்த்தாண்டம் பக்கத்து இளைஞர், திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலை. தொடக்கத்தில் உதவிய மூன்றாமவர் வேலை கிடைத்து வளைகுடாவுக்குப் போய்விட்டார். ஒலிப்பதிவு முழுவதும் மீனவ ஊர்ப் பெண் ஒருவருடையது. அறிக்கையில் ‘மேற்குத் திசைக் காற்று’ என்று இருப்பதைக் ‘கச்சான்’ என்றும், ‘கடல் நீரோட்டம்’ என்று இருப்பதை ‘நீவாடு’ என்றும் மாற்றியவர் அவர்தான். தன் போனிலேயே, வீட்டுக்குள் ஜன்னலை அடைத்துக்கொண்டு, துண்டு துண்டாகப் பேசிப் பதிவுசெய்து அனுப்பினார். மென்பொருள் அந்தத் துண்டுகளைக் கோத்துத்தான் பேசுகிறது.

உரிமம் என்று பார்த்தால், நிரலை இணையத்தில் ஏற்றும்போது வந்த பட்டியலில் மேலாகத் தெரிந்த, நிபந்தனை மிகக் குறைந்த எம்ஐடி உரிமத்தைச் சொடுக்கியிருந்தார்கள். அதற்கு மேல் யாரும் யோசிக்கவில்லை. பெரும்பாலான குழுக்களில் இப்படித்தான் நடக்கிறது. படகுக் கருவிகள் விற்கும் ஒரு நிறுவனம் இதைத் தன் கருவிக்குள் சேர்க்கலாமா என்று கேட்ட பிறகுதான் உரிமத்தைப் பிரித்துப் படித்தார்கள்.

முதல் கூட்டம்

நிறுவனம் கேட்டது டெக்னோபார்க் இளைஞருக்குப் பிடிக்கவில்லை. அவரே ஓர் உரிமம் எழுதிக்கொண்டு வந்தார். யாரும் பயன்படுத்தலாம், திருத்தலாம், பகிரலாம். விற்கக் கூடாது. இழுவைமடி போடுகிற விசைப்படகுகள் பயன்படுத்தக் கூடாது. கட்டுமரமும் வள்ளமும் வைத்திருக்கிற சிறு மீனவர்களுக்கும் இழுவைமடிக்காரர்களுக்கும் கடலில் இருக்கும் பிணக்கு நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். சின்னவர்களுக்காக எழுதியதைப் பெரியவர்கள் அள்ளிக்கொண்டு போகக் கூடாது என்பது அவர் நினைப்பு. அந்த நினைப்பில் தப்பில்லை.

நாகர்கோவிலில் நடந்த அந்தக் கூட்டத்துக்கு ஆசிரியரின் நண்பர் மூலமாக ஒரு வக்கீலும் வந்திருந்தார். பத்மநாபபுரத்திலும் குழித்துறையிலும் சிவில் வழக்கு நடத்துகிறவர். அவரும் கடற்கரைக் குடும்பம்தான். இளைஞரின் தாளை வாங்கி மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, “இது நிக்காது. இப்ப போட்டிருக்க எம்ஐடியும் இந்தியாவில அஞ்சு வருசத்துக்குத்தான். நீங்க இதில கெடந்து குழம்பண்டாம், எங்கிட்ட விடுங்க” என்றார். பையிலிருந்து தான் தயாரித்து வந்த ஒரு வரைவை எடுத்து வைத்தார்.

இளைஞர் அதைப் படித்தார். நிரலில் தேவையில்லாத வரிகளைக் களைவது அவருக்குத் தினசரி வேலை. பேனாவை எடுத்து, அலங்காரமாகத் தெரிந்த சொற்களை எல்லாம் அடிக்க ஆரம்பித்தார். ‘உலகெங்கும்’ போயிற்று. ‘பதிப்புரிமைக் காலம் முழுவதற்கும்’ போயிற்று. சுருக்கிய தாளைத் திருப்பிக் கொடுத்தபோது வக்கீல் பார்த்தார், சிரித்தார். ஏன் சிரித்தார் என்று சொல்லவில்லை.

அந்தச் சிரிப்புக்குக் காரணம் இருந்தது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு உரிமையை எழுதிக்கொடுப்பது பற்றியது. காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்று கொள்ளப்படும் என்கிறது 5ஆம் உட்பிரிவு. எந்த நிலப்பரப்புக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று கொள்ளப்படும் என்கிறது 6ஆம் உட்பிரிவு. உரிமங்களுக்கும் இந்தப் பிரிவு தேவையான மாறுதல்களோடு பொருந்தும் என்கிறது 30ஏ. இளைஞர் அடித்த இரண்டு சொற்றொடர்களும் இந்த இரண்டு ஓட்டைகளை அடைப்பதற்காகவே வரைவில் இருந்தவை. எம்ஐடி உரிமத்தில் காலமும் இல்லை, இடமும் இல்லை. வக்கீல் இதை உட்கார்ந்து விளக்கியிருந்தால் அன்றைக்கே கதை வேறு மாதிரி போயிருக்கும்.

அதே நேரம், ‘அஞ்சு வருசத்துக்குத்தான்’ என்று அவர் அடித்துச் சொன்னதும் சரியில்லை. அப்படி எம்ஐடி உரிமத்தை ஐந்து வருடத்தில் நிறுத்திய தீர்ப்பு ஒன்றையும் அவர் காட்டவில்லை. ‘கட்டுப்பாடு ஏதுமின்றி’ அனுமதி தருவதாக உரிமத்திலேயே இருக்கிறதே, காலத்தையும் இடத்தையும் அதற்குள் அடக்கிப் படிக்கலாமே என்று ஆசிரியர் கேட்டது நல்ல கேள்வி. வாதத்துக்கு இடமுள்ள விஷயத்தைத் தீர்ப்பு வந்த விஷயம் போலச் சொன்னார் வக்கீல். நிரல் பக்கத்திலும் இதே பழக்கம் உண்டு. ‘எம்ஐடின்னா யாரும் என்னவும் செய்யலாம்’ என்று இளைஞர் சொன்னதும் அதே அளவு உறுதியோடுதான். எம்ஐடிக்கும் நிபந்தனை உண்டு. பதிப்புரிமை அறிவிப்பையும் உரிம வாசகத்தையும் எல்லாப் பிரதிகளிலும் வைத்தாக வேண்டும்.

அப்புறம் பேச்சு மோசமாகப் போனது. வக்கீல் இளைஞரைப் பார்த்து, “நீங்க எழுதினது உங்களுக்குச் சொந்தமாண்ணு முதல்ல பாக்கணும்” என்றார். வேலையின் பகுதியாக எழுதியதற்கு முதல் உரிமையாளர் வேலை கொடுத்தவர் என்று 17ஆம் பிரிவின் சி உட்பிரிவு சொல்கிறது. இளைஞர் ஞாயிற்றுக்கிழமைகளில் சொந்த லேப்டாப்பில் எழுதியவர். சட்டப்படி கேட்கவேண்டிய கேள்விதான் அது. அவர் காதில் விழுந்ததோ ‘நீ திருடினாயா’ என்று. அதுவரை ‘வக்கீல் சார்’ என்று சொல்லிக்கொண்டிருந்தவர் ‘நீரு’ என்று இறங்கிவிட்டார்: “நீரு ஆருக்க வக்கீல்? அதைச் சொல்லும் முதல்ல.”

வக்கீல் பதில் சொல்லவில்லை. தாள்களைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். சில நாளில் விஷயம் தெரிந்தது. மென்பொருளைக் கேட்ட அதே நிறுவனத்துக்கு அவர் முன்பு ஆலோசனை சொல்லியிருக்கிறார். அத்தோடு பேச்சு நின்றது.

எங்கே முறிந்தது

மேலே பார்த்தால் உரிமம் பற்றிய கருத்து வேறுபாடு. என் பார்வையில் அது இரண்டாவது விஷயம். யாருக்காகப் பேசுகிறோம், எவ்வளவு உறுதியாகத் தெரிந்து பேசுகிறோம் என்ற இரண்டையும் அந்த மேஜையில் யாரும் சொல்லவில்லை. நம்பிக்கை முறிந்தது அங்கேதான்.

வக்கீல் ஏன் வாயைத் திறக்கவில்லை என்பது நிரல் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று. கட்சிக்காரர் தன்னிடம் சொன்னதை அவருடைய சம்மதமில்லாமல் வக்கீல் வெளியே சொல்லக் கூடாது. பழைய சாட்சியச் சட்டத்தில் 126ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் 132ஆம் பிரிவாக இருக்கிறது. அந்த மௌனம் அவருக்குக் கடமை, எதிரில் இருப்பவர்களுக்கு மறைப்பு. இரண்டுமே உண்மை. ஆனால் கட்சிக்காரர் யார் என்று சொல்ல முடியாவிட்டாலும், ‘இந்த விஷயத்தில் நான் முழுக்க உங்கள் ஆள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்’ என்று உள்ளே நுழைந்தவுடன் சொல்லியிருக்கலாம். அதற்கு எந்தச் சட்டமும் தடையில்லை. வரைவைக் கையில் கொண்டுவந்தவருக்கு அந்தக் கடமை இருந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நம் மாவட்டத்துக்கென்று ஒரு பின்னணியும் இதில் இருக்கிறது. 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தோம். விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்களில் பழைய சொத்து ஆதாரங்கள் (பத்திரங்கள்) பல மலையாளத்தில் இருக்கின்றன. தாத்தா எழுதி வைத்ததைப் பேரன் படிக்க முடியாமல் வக்கீலிடமோ ஆதாரம் எழுதுகிறவரிடமோ கொண்டுபோகிற வீடுகள் இன்னும் உண்டு. தன் சொந்தத் தாளில் என்ன இருக்கிறது என்று இன்னொருவர் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்ற நிலையில் மரியாதையும் வளரும், சந்தேகமும் வளரும். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதலில் நின்ற மாவட்டமும் இதுதான். படித்த பிள்ளைகளிடம் ‘எங்கிட்ட விடுங்க’ என்றால் கோபம் வரத்தான் செய்யும்.

உலக அளவிலும் இந்தப் பிணக்கு புதிதில்லை. 2020 ஜனவரியில் புரூஸ் பெரன்ஸ், தானே 1998இல் எரிக் ரேமண்டோடு சேர்ந்து தொடங்கிய, கட்டற்ற உரிமங்களை ஆய்ந்து ஏற்கும் அமைப்பான ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவிலிருந்து விலகினார். வான் லிண்ட்பெர்க் என்ற வழக்கறிஞர் வரைந்த ஓர் உரிமத்தை அமைப்பு ஏற்கப்போகிறது என்பது பெரன்ஸின் மனக்குறை. அடுத்த மாதம் அமைப்பு அதை ஏற்றது. சட்டம் படித்தவர் நுணுக்கமாக எழுதியது, சட்டம் படிக்காதவர் புரிந்துகொண்டு கடைப்பிடிக்கக்கூடியதா என்ற கேள்வி அங்கேயும் எழுந்தது. இந்தக் கேள்விக்கு எல்லோருக்கும் பொதுவான விடை கிடைக்காது. கேட்கிற விதத்தில் மரியாதை இருந்தால் பேச்சாவது தொடரும்.

அந்தக் கூட்டத்தின் குறிப்புகளைத் திரும்பப் பார்த்தபோது ஒன்றைக் கவனித்தேன். இளைஞர் ஒவ்வொரு முறை சட்டம் பேசும்போதும் ‘நான் வக்கீல் இல்லை, ஆனா’ என்று தொடங்கியிருக்கிறார். வக்கீலும் ‘இதை என்னுடைய சட்ட ஆலோசனைன்னு எடுத்துக்காதீங்க’ என்று பலமுறை சொல்லியிருக்கிறார். இரண்டும் தன்னைக் காத்துக்கொள்ளச் சொன்ன வாக்கியங்கள். எதிரில் இருந்தவருக்கு இவற்றால் எதுவும் தெரியவரவில்லை. எந்தப் பகுதி உறுதி, எந்தப் பகுதி ஊகம் என்று பிரித்துச் சொல்லியிருந்தால் பயன் இருந்திருக்கும்.

ஆசிரியர் போய்ப் பார்த்தது

பேச்சைத் திரும்பத் தொடங்கியவர் பாலிடெக்னிக் ஆசிரியர். தக்கலையில் இருக்கும் வக்கீலின் அலுவலகத்துக்குப் போனார். சமாதானம் பேசப் போகவில்லை. இரண்டே கேள்விகளோடு போனார்: நீங்கள் எங்களுக்காகப் பேச முடியுமா, முடியாதா? முடியாது என்றால் வேறு யாரைப் பார்க்கலாம்?

ஆசிரியர் இப்படிக் கேட்டது தனக்குப் பிடித்திருந்தது என்று வக்கீல் பின்னால் சொன்னார். குற்றச்சாட்டாகக் கேட்டிருந்தால் அவரும் வக்கீலாகவே பதில் சொல்லியிருப்பார். வக்கீல் நிறுவனத்துக்கு எழுதி, அவர்களுக்கு முன்பு ஆலோசனை சொன்னதை இவர்களிடம் தெரிவிக்க எழுத்தில் சம்மதம் வாங்கினார். இந்த மென்பொருள் விஷயத்தில் இனி அவர்களுக்கு ஆலோசனை சொல்வதில்லை என்றும் எழுதினார். இரண்டு கடிதங்களின் நகலும் குழுவுக்கு வந்தது. இளைஞர் அவற்றை இரண்டு முறை படித்துவிட்டு, “செரி, கூப்பிடுங்க” என்றார்.

இரண்டாவது கூட்டம்

இந்த முறை உட்காருவதற்கு முன்பே ஓர் ஏற்பாட்டுக்கு ஒத்துக்கொண்டார்கள். வக்கீல் எதைச் சொன்னாலும் அது சட்டப் பிரிவில் இருக்கிறதா, தீர்ப்பில் இருக்கிறதா, அவருடைய கணிப்பா என்று கூடவே சொல்ல வேண்டும். நிரல் எழுதியவர்கள் ஷரத்து எழுதக் கூடாது. இன்னார் இன்ன காரியம் செய்தால் என்ன ஆக வேண்டும் என்று மட்டும் எழுத வேண்டும். நிரலைச் சோதித்துப் பார்க்க டெஸ்ட் கேஸ் எழுதிப் பழகியவர்களுக்கு இது சுலபமாக வந்தது. ஒரு சாயங்காலத்தில் இரண்டு பக்கம் நிரம்பிவிட்டது.

அதில் ஒன்றை அப்படியே தருகிறேன்: ‘நம்ம ஊர்க்காரர் சவூதிக்கு மீன்பிடி வேலைக்குப் போகிறார். போனில் இந்த மென்பொருளைக் கொண்டுபோய், அந்தக் கடலுக்கு ஏற்ற மாதிரி மாற்றி, கூட வேலை செய்கிறவர்களுக்குக் கொடுக்கிறார். செய்யலாமா?’

எல்லோரும் ‘செய்யலாம்’ என்றார்கள். வக்கீல் 19ஆம் பிரிவின் 6ஆம் உட்பிரிவை வாசித்தார். இடம் சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். “இது பிரிவில இருக்கு. எம்ஐடி மாதிரி உரிமத்தை இப்படித்தான் கோர்ட் படிக்கும்ணு நான் சொன்னது எனக்க கணிப்பு. மாத்தியும் படிக்கலாம். ஆனா அந்தச் சந்தேகம் எதுக்கு, ஒரு சொல்லு போட்டா தீர்ந்துச்சே.” தான் பேனாவால் அடித்த ‘உலகெங்கும்’ எதற்கு இருந்தது என்று இளைஞருக்கு அப்போதுதான் விளங்கியது. “இதை அண்ணைக்கே சொல்லியிருக்கலாமே சார்” என்றார். “சொல்லியிருக்கணும்” என்றார் வக்கீல்.

வக்கீலும் அன்று கற்றுக்கொண்டார். திருத்திப் பிறருக்குக் கொடுப்பவர் நிரலையும் திறந்தே கொடுக்க வேண்டும் என்கிற ஜிபிஎல் உரிமத்தைப் போட்டால், மைக்கில் அறிவிப்பு வைக்கிற ஒவ்வொரு கோயிலும் மூல நிரலைக் கொடுத்தாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தார். மென்பொருளை ஓட்டுவது வேறு, அதன் பிரதியை இன்னொருவருக்குக் கொடுப்பது வேறு, ஜிபிஎல்லின் கடமைகள் பிரதி கொடுப்பவருக்குத்தான் என்று இளைஞர் லேப்டாப்பைத் திருப்பி வைத்து உரிம வாசகத்தையே காட்டினார். மென்பொருள் வெளியிடும் ஒலி, அதில் மென்பொருளின் பகுதியே அடங்கியிருந்தால் ஒழிய உரிமத்துக்குள் வராது. வக்கீல் படித்துவிட்டு, “இது எனக்குத் தெரியாது” என்றார். அந்த மேஜையில் நம்பிக்கை வந்தது அந்த நேரத்தில்தான் என்று நினைக்கிறேன்.

பேச்சோடு பேச்சாக வக்கீல் ஜேக்கப்சன் வழக்கையும் சொன்னார். ராபர்ட் ஜேக்கப்சன் என்ற இயற்பியல் பேராசிரியர் பொம்மை ரயில் ஓட்டுகிறவர்களுக்காக மென்பொருள் எழுதி ஆர்டிஸ்டிக் லைசென்ஸில் வெளியிட்டிருந்தார். அந்த உரிமம் பெர்ல் என்ற நிரல் மொழியை உருவாக்கிய லாரி வால் எழுதியது. அவர் வக்கீல் இல்லை. உரிமம் தெளிவில்லாதது என்று கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையே சொல்லியிருக்கிறது. நிபந்தனைகளை மீறி அந்த நிரலை எடுத்துக்கொண்டவர்கள் மேல் வழக்கு வந்தபோது, கீழ் நீதிமன்றம் பதிப்புரிமை மீறலாக அதைப் பார்க்க மறுத்தது. 2008 ஆகஸ்டில் அமெரிக்க ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றம் அதை மாற்றி, உரிமத்திலுள்ள நிபந்தனைகளுக்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் பலம் உண்டு என்றது. “வக்கீல் அல்லாதவர் எழுதினது நிண்ணது. ஆனா அதை நிக்க வைக்க வக்கீல்மாரு வருசக்கணக்கா வாதாட வேண்டி வந்தது” என்றார். எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். முதல் கூட்டத்தில் ‘இது நிக்காது’ என்ற அதே மனிதர் இதைச் சொன்னதால் அதற்கு எடை கூடியது.

ஒலி யாருடையது

இரண்டு பக்கமும் சுமுகமாகிவிட்டது என்று நினைத்த நேரத்தில், அதுவரை பேசாமலிருந்த அந்தப் பெண் கேட்டார்: “எனக்க சத்தத்துக்கு ஆரு உரிமம் போட்டா?”

ஒருவரும் போடவில்லை. எம்ஐடி உரிமம் மென்பொருளுக்கும் அதன் ஆவணங்களுக்கும். பதிவுகள் அதே கோப்புறையில் கிடந்தன, அவ்வளவுதான். அவரிடம் யாரும் எழுத்தில் எதுவும் வாங்கவில்லை. 30ஆம் பிரிவு உரிமம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது. தன் போனில் தானே முனைந்து பதிவுசெய்ததால் ஒலிப்பதிவின் தயாரிப்பாளர் அவர்தான். அதனால் சட்டப்படி அதைப் படைத்தவரும் அவரே. பேசியவர் என்ற முறையில் நிகழ்த்துநர் உரிமையும் உண்டு. சட்டத்தில் நிகழ்த்துநர் என்ற வரையறைக்குள் பாடகர், நடிகரிலிருந்து பாம்பாட்டி வரை வருகிறார்கள், சொற்பொழிவு ஆற்றுகிறவரும் வருகிறார். அறிவிப்பு வாசிக்கிறவரும் வருவார் என்பது தன் கணிப்பு என்று வக்கீல் பிரித்துச் சொன்னார்.

இத்தனை நாள் நடந்த சண்டையில் வக்கீலும் சரி, நிரல்காரர்களும் சரி, மென்பொருளின் பாதி அவருடையது என்பதை நினைத்தே பார்க்கவில்லை. ‘வக்கீல் எங்களை மதிக்கவில்லை’ என்று குறைப்பட்டவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரைக் கேட்கவில்லை. இது எனக்கு இன்னும் மனதில் உறுத்துகிறது. உரிம விவாதம் என்றாலே வக்கீல் ஒரு பக்கம், நிரல் எழுதுகிறவர் ஒரு பக்கம் என்று நாம் வரைந்துகொள்கிற படத்தில் மொழிபெயர்ப்பவர், குரல் கொடுப்பவர், எழுத்துரு வரைபவர் யாருக்கும் இடமில்லை. தமிழ்க் கணிமையில் பாதி வேலை அவர்களுடையது.

அவருக்கு ஒரு பயமும் இருந்தது. யாராவது துண்டுகளை மாற்றிக் கோத்து, கடல் கொந்தளிக்கிற நாளில் அவர் குரலிலேயே ‘கடலுக்குப் போலாம்’ என்று ஆக்கிவிட்டால்? 2012 திருத்தத்தில் வந்த 38பி பிரிவு, தன் நிகழ்த்துதலைத் தன் பெயர் கெடும்படி சிதைப்பதைத் தடுக்கும் உரிமையை நிகழ்த்துநருக்குத் தருகிறது. ஆனால் பதிவுகளுக்குப் போடலாம் என்று பேசிக்கொண்டிருந்த கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் (எழுத்து, ஒலி, படம் போன்றவற்றைப் பகிர்வதற்கான பொது உரிமம்), அனுமதித்த பயன்பாட்டுக்குத் தேவையான அளவு அப்படிப்பட்ட உரிமைகளை வலியுறுத்த மாட்டேன் என்ற வாசகம் இருக்கிறது. ஆளைக் கடலில் தள்ளுகிற மாதிரியான திரிபு அந்த அளவுக்குள் வராது என்பது வக்கீலின் கணிப்பு. “தீர்ப்பு இருக்கா?” என்று கேட்டார் அந்தப் பெண். “எனக்குத் தெரிஞ்சு இல்ல” என்றார் வக்கீல். அந்தப் பெண் யோசிக்க நேரம் கேட்டார், கொடுத்தார்கள்.

விசைப்படகு ஷரத்தை விழ வைத்ததும் அவர்தான். ஆட்களையோ துறைகளையோ பாகுபடுத்தக் கூடாது என்று, எது கட்டற்ற உரிமம் என்று சொல்லும் ஓப்பன் சோர்ஸ் வரையறையின் 5ஆவது, 6ஆவது நிபந்தனைகள் சொல்வதை வக்கீல் எடுத்துக்காட்டினார். இளைஞர் ‘வரையறையை யார் கேட்டா’ என்றார். அந்தப் பெண் சொன்னது: “விசைப்படகில கூலிக்குப் போறவனும் நம்ம ஊருக்காரன்தான். ஒக்கியில செத்ததும் ஆழ்கடலுக்குப் போனவங்கதான். அவனுக்கு எனக்க சத்தம் கேக்கண்டாமா?” இளைஞர் அந்த வரியைத் தானே அடித்தார்.

எதில் வந்து நின்றது

வக்கீலின் விருப்பம் அப்பாச்சி 2.0 என்ற இன்னொரு கட்டற்ற உரிமம். அதில் ‘நிரந்தரமாக’, ‘உலகெங்கும்’ இரண்டும் எழுதியே இருக்கிறது, 19ஆம் பிரிவுக் கவலை இல்லை. நிரல் எழுதியவர்களுக்கு, திருத்தி வெளியே கொடுப்பவர் திருத்தத்தையும் திறந்தே கொடுக்க வேண்டும் என்பது முக்கியம். அதனால் ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு. அதில் பதிப்புரிமைக் காலம் முழுவதற்கும் என்று இருக்கிறது, பதிப்புரிமை அனுமதிக்கு நிலப்பரப்பு வெளிப்படையாகச் சொல்லப்படவில்லை. கூடுதல் அனுமதிகள் சேர்க்க 7ஆம் பிரிவு இடம் கொடுப்பதால், ‘இந்த அனுமதிகள் உலகெங்கும் செல்லும்’ என்று ஒரு வரியைச் சேர்த்தார்கள். விற்கக் கூடாது என்ற நிபந்தனை போய்விட்டது. ஜிபிஎல்லில் விற்கலாம். ஆனால் வாங்கியவர் இன்னொருவருக்கு இலவசமாகக் கொடுப்பதை விற்றவர் தடுக்க முடியாது. இளைஞர் உண்மையில் கேட்டதும் அதைத்தான்.

அந்த மூன்றாம் பதிப்பு உருவான விதமும் பேச்சில் வந்தது. 2006 ஜனவரியில் முதல் வரைவு, பிறகு அடுத்தடுத்து வரைவுகள், 2007 ஜூன் 29இல் இறுதி வடிவம். ஜிபிஎல்லைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மனும் சட்டப் பேராசிரியர் எபன் மோக்லனும் வரைவுகளைப் பொதுவில் வைத்துக் கருத்துக் கேட்டார்கள். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலை எழுதுகிறவர்கள் பலர் 2006லேயே எதிர்ப்புத் தெரிவித்தார்கள். கெர்னல் இன்றும் இரண்டாம் பதிப்பில்தான் இருக்கிறது. எல்லோரும் உடன்படாவிட்டாலும், ‘எங்களைக் கேட்கவில்லை’ என்று சொல்ல இடமில்லாமல் செய்தார்கள். நம் குழுவும் அப்படியே இரண்டாவது வரைவைப் பொதுவில் வைத்தது.

குரல் பதிவுகளுக்கு கிரியேட்டிவ் காமன்ஸ் பிஒய்-எஸ்ஏ 4.0: படைத்தவர் பெயரைக் குறிப்பிட வேண்டும், திருத்தியதையும் அதே உரிமத்தில் பகிர வேண்டும். மாற்றினால் மாற்றியதாகக் குறிப்பிட வேண்டும் என்ற விதி அதில் இருப்பது அந்தப் பெண்ணை ஒத்துக்கொள்ள வைத்தது. அந்த உரிமத்திலுள்ளதை ஜிபிஎல் மூன்றாம் பதிப்போடு சேர்க்கலாம் என்று 2015இலேயே அறிவிக்கப்பட்டதால் இணக்கச் சிக்கலும் இல்லை. அவர் வாசித்துப் பார்த்து, கேட்கவேண்டியதைக் கேட்டு, பிறகு கையெழுத்திட்டார்.

வளைகுடாவில் இருக்கும் நண்பர் முதலில் சம்மதத்தைக் குரல் செய்தியாக அனுப்பினார். எழுத்தில் வேண்டும் என்றார் வக்கீல். மின்னஞ்சல் போதும், 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 4ஆம் பிரிவு மின்னணுப் பதிவை எழுத்தாக ஏற்கிறது என்று அவரே வழியும் சொன்னார். அது வந்துவிட்டது. வழக்கு என்று வந்தால் சென்னைக்கோ மதுரைக்கோ ஓட வேண்டாம், உரிமையாளர் வசிக்கும் இடத்து மாவட்ட நீதிமன்றத்திலேயே போடலாம் என்று 62ஆம் பிரிவைக் காட்டியது இவர்களுக்குப் பெரிய தெம்பு.

டெக்னோபார்க் இளைஞரின் நிறுவனத்திடமிருந்து இன்னும் கடிதம் வரவில்லை. இந்த வேலையில் தங்களுக்கு உரிமை இல்லை என்று அவர்கள் எழுதிக் கொடுத்தால் போதும். கேட்டு எழுதிய கடிதத்தை இளைஞரும் வக்கீலும் சேர்ந்தே தயாரித்தார்கள். பதில் வரும்வரை அவர் எழுதிய பகுதிகளைப் புதிய உரிமத்தில் வெளியிடுவதில்லை என்று முடிவு. கருவி விற்கும் நிறுவனத்துக்குப் புதிய உரிமத்தின் நகல் போயிருக்கிறது. அவர்கள் வேறு வக்கீலிடம் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இளைஞரின் பகுதிகளில் காற்று வேகத்தைப் படிக்கும் பகுதி இல்லாமல் அறிவிப்பு முழுமையாகாது என்பதால், அதை மட்டும் பாலிடெக்னிக் ஆசிரியர் பழையதைப் பார்க்காமல் முதலிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறார்.